'நிறைவேறியது' என்றால் சட்டமா? மாநில சட்டமன்றத்தைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

"பேரவையில் மசோதா நிறைவேறியது" என்று செய்தி வந்த அன்றே சட்டம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வதுதான், சட்டமன்றத்தைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நேரும் முதல் சறுக்கல். இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தையே பாருங்கள். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை அதை 2022 அக்டோபர் 19 அன்று நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது 2023 ஏப்ரல் 10 அன்று. நடுவே, இதே தடைக்காக அவை கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பித்திருந்த அவசரச் சட்டம் காலாவதியானது, மசோதா திரும்பி வந்தது, பேரவை அதை இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பியது. இத்தனையும் நடந்த மாதங்களில் தடைச் சட்டம் உண்டா இல்லையா என்று கேட்டால் பாதிப் பேர் தவறான பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு மசோதாவைப் பின்தொடர மூன்று கேள்விகள் போதும். இது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது? இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? யார் மேசையில் கிடக்கிறது? மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கும் பதில் தேடும் வழிதான். அரசு ஏடுகளில் 'சட்டமுன்வடிவு' என்றே இருக்கும். பேச்சு வழக்கில் மசோதா. இரண்டும் ஒன்றே.

முதலில், அவையில் யார் யார்

சட்டமன்றம் வேறு, பேரவை வேறு. அரசமைப்பின் 168ஆம் கூறுப்படி மாநில சட்டமன்றம் என்றால் ஆளுநரும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஆளுநர், பேரவை ஆகிய இரண்டும் சேர்ந்ததுதான் சட்டமன்றம். இந்த ஒரு வரி மனதில் நின்றால், மசோதா ஏன் ஆளுநர் மாளிகைக்குப் போகிறது என்பது தானாகப் புரியும்.

ஒரு மாநிலப் பேரவையில் 60 முதல் 500 வரை உறுப்பினர்கள் இருக்கலாம். சிக்கிமில் 32, கோவாவிலும் மிசோரமிலும் 40 என விதிவிலக்குகள் உண்டு. தமிழ்நாட்டில் 234: பொதுத் தொகுதி 188, பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2. மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் 234 மறக்காது. பழைய புத்தகங்களில் 235 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். ஆங்கிலோ இந்தியச் சமூகத்திலிருந்து ஒருவரை நியமிக்கும் முறை 2020 ஜனவரியோடு நின்றுபோனது.

இரண்டாவது அவையான மேலவை இன்று ஆறு மாநிலங்களில் மட்டும் இருக்கிறது: உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை. 2010இல் மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. மறு ஆண்டு ஆட்சி மாறியதும் புதிய பேரவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது; மேலவை வரவில்லை. மேலவை இருக்கும் மாநிலத்திலும் அதற்கு மசோதாவைக் கொல்லும் அதிகாரம் கிடையாது. சாதாரண மசோதாவை முதலில் மூன்று மாதம், பேரவை மறுபடி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் தாமதப்படுத்தலாம். பண மசோதா (வரி, அரசுச் செலவு போன்றவை பற்றியது) என்றால் 14 நாள்தான். நாடாளுமன்றத்தில் நடப்பதுபோல இரு அவைக் கூட்டுக் கூட்டம் மாநிலத்தில் இல்லை. அக்கம்பக்கத்து மாநிலச் செய்திகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

புதுச்சேரியைத் தமிழ்நாட்டு அளவுகோலால் அளக்கக் கூடாது. அது ஒன்றியப் பிரதேசம். அதன் பேரவை 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். மேலே ஒன்றிய அரசு மூவரை நியமிக்கலாம். அந்த நியமன உறுப்பினர்களுக்கும் ஓட்டு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. பெரும்பான்மைக் கணக்குப் போடும்போது 30ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

படி 1: எந்தப் பட்டியல் என்று பாருங்கள்

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. காவல்துறை, பொதுச் சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி, நிலம் போன்றவை மாநிலப் பட்டியல். பாதுகாப்பு, வெளியுறவு, ரயில்வே போன்றவை ஒன்றியப் பட்டியல். இருவருமே சட்டம் இயற்றலாம் என்பது பொதுப் பட்டியல். கல்வி, வனம், வனவிலங்குப் பாதுகாப்பு முதலான ஐந்து விஷயங்கள் 1976இல் 42ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. இன்றைய மாநில, ஒன்றிய மோதல்களில் கணிசமானவை அந்த இடமாற்றத்தில்தான் வந்து முட்டுகின்றன.

பொதுப் பட்டியலில் ஒன்றியச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் இயற்றினால் ஒன்றியச் சட்டமே நிற்கும். தப்பிக்க ஒரே வழி 254(2): மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். கிடைத்தால் அந்த மாநிலத்தில் மட்டும் அது செல்லும். ஜல்லிக்கட்டுக்கு நடந்தது இதுதான். விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருப்பது. ஏற்கெனவே ஒன்றியச் சட்டம் இருந்தது. 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 அன்று பேரவையில் மசோதா, மாத இறுதிக்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். பத்தே நாளில் முடிந்தது. இதே பாதையில் போன நீட் விலக்கு மசோதாவின் கதை வேறு. 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றியது. பிறகு குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரல் 4 அன்று பேரவையில் அறிவிக்கப்பட்டது. பாதை ஒன்றாக இருந்தாலும் போய்ச் சேரும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சூதாட்டமும் பந்தயமும் மாநிலப் பட்டியலின் 34ஆவது இனம். அப்படியானால் சிக்கல் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒரு விளையாட்டு திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா என்ற கேள்வி அங்கேதான் நுழைகிறது. திறமை விளையாட்டு சூதாட்டம் ஆகாது என்ற வாதத்தில்தான் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க வந்த முந்தைய சட்டத்தை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டியலில் சொல் இருப்பதாலேயே அதிகாரம் கையில் இருப்பதாக முடிவு கட்டாதீர்கள்.

படி 2: மசோதாவைக் கையில் எடுத்துப் படியுங்கள்

செய்தித்தாள் சுருக்கத்தை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் மசோதாக்கள் அரசிதழின் பகுதி நான்கு, பிரிவு ஒன்றிலும், சட்டங்களும் அவசரச் சட்டங்களும் பகுதி நான்கு, பிரிவு இரண்டிலும் வெளியாகின்றன. ஒரு சட்டத்தைத் தேடும்போது பிரிவு ஒன்றில் மட்டும் கிடைக்கிறது என்றால், அது இன்னும் மசோதாதான். இந்த ஒரு சோதனையே பல வாட்ஸ்ஆப் வதந்திகளை முடித்துவிடும்.

மசோதாவை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. கடைசியிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை இருக்கும். ஏன் இந்தச் சட்டம் என்று துறை அமைச்சர் பெயரில் ஒரு பக்கம். செலவு பிடிக்கும் மசோதா என்றால் நிதிக் குறிப்பும் சேர்ந்திருக்கும். பிறகு முதல் உட்பிரிவுக்கு வாருங்கள். "அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒப்புதல் வந்த பிறகும் இன்னொரு அறிவிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்து, "விதிக்கப்பட்டவாறு" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் பேரவைக்கு வெளியே, துறை பின்னால் எழுதப்போகும் விதி. அந்த எண்ணிக்கை கூடக் கூட, அவை விவாதித்தது சட்டத்தின் எலும்பை மட்டுமே.

திருத்த மசோதா என்றால் மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க முடியும். "என்ற சொற்களுக்குப் பதிலாக" என்று மூன்று வரி மட்டும் இருக்கும். அந்த மூன்று வரி என்ன செய்யும் என்பது மூலச் சட்டத்தின் பிரிவில்தான் தெரியும்.

படி 3: அவையின் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டுப் பேரவை புனித ஜார்ஜ் கோட்டையில் கூடுகிறது. நாள் ஒரு திருக்குறளோடு தொடங்கும். பேரவைத் தலைவர் வாசிப்பார். அடுத்த ஒரு மணி நேரம் கேள்வி நேரம். முக்கிய வினாக்களுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். புதியவர்கள் துணைக் கேள்வியைத்தான் கவனிக்க வேண்டும். அச்சிட்ட பதிலைத் துறை அதிகாரிகள் தயாரித்துத் தந்திருப்பார்கள். துணைக் கேள்வியில்தான் அமைச்சருக்கு விஷயம் தெரியுமா என்பது வெளிப்படும்.

அதன்பின் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு, அமைச்சர் அறிக்கைகள், பிறகு அன்றைய அலுவல். எந்த நாளில் எதற்கு எத்தனை நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. அதில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என எல்லாப் பெரிய கட்சிகளும் உண்டு.

'விதி 110' என்பதைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இருக்க முடியாது. பேரவைத் தலைவரின் இசைவோடு அமைச்சர் ஒருவர் பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தில் அறிக்கை படிக்கலாம். அந்த நேரத்தில் கேள்வியும் இல்லை, விவாதமும் இல்லை. முதலமைச்சர்களுக்குப் பிடித்த விதியாக இது ஆனதில் வியப்பில்லை. ஆனால் 110இன் கீழ் வரும் அறிவிப்பு சட்டமும் அல்ல, பணமும் அல்ல. அதைச் செயல்படுத்த அரசாணை வர வேண்டும், நிதி ஒதுக்கீடு வர வேண்டும். அறிவிப்பைக் குறித்துக்கொண்டால் பக்கத்திலேயே அரசாணை எண்ணுக்கு ஓர் இடம் காலியாக விட்டு வையுங்கள்.

அவை நடக்கக் குறைந்தபட்ச வருகை வேண்டும்: பத்துப் பேர் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. 234க்கு 24 பேர்.

காதால் கேட்டதையே பதிவு என்று நினைப்பதும் ஒரு பிழை. பேரவைத் தலைவர் ஒரு சொல்லை அவைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னால் அது அச்சில் வராது. 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் தன் உரையில் சில பகுதிகளை விட்டும் சேர்த்தும் படித்தார். அச்சிட்டு வழங்கிய உரை மட்டுமே அவைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் அங்கேயே தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் அவையை விட்டு வெளியேறினார். அன்று தொலைக்காட்சியில் கேட்டது ஒன்று, அவைக் குறிப்பில் இருப்பது இன்னொன்று. மேற்கோள் காட்டுவதாக இருந்தால் அவைக் குறிப்பைத்தான் காட்ட வேண்டும்.

படி 4: அறிமுகம், ஆய்வு, நிறைவேற்றம்

மசோதா அவையில் மூன்று கட்டம் தாண்டுகிறது. அறிமுகத்தில் பெரும்பாலும் விவாதம் இருக்காது. எதிர்ப்பு இருந்தால் சுருக்கமாகப் பதிவு செய்வார்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் கொள்கை பற்றிய பேச்சு, பிறகு பிரிவு பிரிவாக ஓட்டு. கடைசியில் முழு மசோதாவுக்கும் ஓட்டு. உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்பி ஆற அமர ஆராயும் வழி விதிகளில் இருக்கிறது, நடைமுறையில் அபூர்வம். கூட்டத்தொடரின் கடைசி நாளில் கட்டுக்கட்டாக மசோதாக்கள் எடுக்கப்படுவதுதான் வழக்கமாகிவிட்டது. இது நல்ல பழக்கம் அல்ல. ஆனால் பின்தொடர்கிறவர் அந்தக் கடைசி நாளைத் தவறவிடக் கூடாது.

ஓட்டு என்றால் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு. "ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க" என்று பேரவைத் தலைவர் கேட்பார். சத்தத்தைக் கேட்டு முடிவைச் சொல்லிவிடுவார். யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற பதிவு இதில் இருக்காது. பெயரோடு பதிவு வேண்டும் என்றால் உறுப்பினர்கள் எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பைக் கேட்க வேண்டும். பேரவைத் தலைவர் முதல் சுற்றில் ஓட்டுப் போடுவதில்லை. சரிசமமாக நின்றால் மட்டும் அவர் ஓட்டு.

நிறைவேறிய பிறகும் அரசு மனம் மாறலாம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி விட்ட திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அது சட்டமாகவே இல்லை.

படி 5: ஆளுநர் மேசை

தடுமாற்றம் மிகுதியாக இருப்பது இங்கேதான். 200ஆம் கூறு ஆளுநருக்குத் தரும் வழிகள் இவை: ஒப்புதல் தரலாம், குறிப்போடு பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கி வைக்கலாம். திருப்பி அனுப்பிய மசோதாவைப் பேரவை திருத்தத்தோடோ திருத்தம் இல்லாமலோ மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் அவர் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. பண மசோதாவைத் திருப்பி அனுப்பும் வழியே அவருக்கு இல்லை.

'நிறுத்தி வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் பெட்டியில் போட்டுவிட முடியுமா? முடியாது என்று 2023இல் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாட்டு வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் மேலே போனது: கிடப்பில் இருந்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றும், முடிவெடுக்க இத்தனை மாதம் என்றும் வரையறுத்தது. சில நாளில் அந்தப் பத்தும் அரசிதழில் சட்டமாக வந்தன. பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது' அரசமைப்பில் இல்லை, அதேநேரம் காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால், முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லலாம். ஆகவே ஏப்ரல் தீர்ப்பைப் பற்றிய பழைய விளக்கக் காணொலியை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை மாதம் தாண்டியதால் சட்டமாகிவிட்டது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

இப்போது சூதாட்ட மசோதாவை இந்தப் பாதையில் வைத்துப் பாருங்கள். 2022 அக்டோபர் 1 அன்று ஆளுநர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவை கூடாத காலத்தில் அமைச்சரவை ஆலோசனைப்படி பிறப்பிப்பதுதான் அவசரச் சட்டம். அதன் ஆயுள் 213ஆம் கூறில் இருக்கிறது: அவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம். அவை கூடியது அக்டோபர் 17. ஆறு வாரம் என்றால் நவம்பர் இறுதி. அதற்குள் மசோதாவுக்கு ஒப்புதல் வரவில்லை. அவசரச் சட்டம் காலாவதியானது. பேரவை நிறைவேற்றிய மசோதா ராஜ்பவனில் இருந்தது. நடைமுறையில் எந்தத் தடையும் இல்லை. 2023 மார்ச்சில், பேரவைக்கு அதிகாரமில்லை என்ற காரணத்தோடு மசோதா திரும்பி வந்தது. மார்ச் 23 அன்று மறுபடி நிறைவேற்றினார்கள். ஏப்ரல் 10 அன்று ஒப்புதல். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை விளையாட்டு என்று சொல்லித் தடையிலிருந்து விலக்கியது.

இதில் புதியவர்கள் கற்க வேண்டியது ஆறு வாரக் கணக்கு. அவசரச் சட்டம் வந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். அவை கூடிய தேதியிலிருந்து எண்ணுங்கள்.

சொல் குழப்பம் ஒன்று இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். 'ஒத்திவைப்பு' பேரவைத் தலைவர் செய்வது; அன்றைய அல்லது தேதி குறிப்பிடாத இடைவேளை. 'முடித்துவைப்பு' ஆளுநர் ஆணை. கூட்டத்தொடரே முடிகிறது, ஆனால் நிலுவை மசோதா அதனால் சாகாது. 'கலைப்பு' என்றால் பேரவையே போய்விடுகிறது. பேரவையில் நிலுவையில் இருந்த மசோதாவும் அதோடு போகும். ஏற்கெனவே நிறைவேறி ஆளுநர் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது மட்டும் பிழைக்கும் என்பது கேரள நிலச் சட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவில் ஆறு மாதம் தாண்டக் கூடாது.

படி 6: பணம் எங்கே என்று தேடுங்கள்

நிதிநிலை அறிக்கை படிக்கும் நாளில் எல்லாரும் டிவி முன்னால் இருப்பார்கள். உண்மையான தகவல் அதற்குப் பின் வரும் வாரங்களில்தான் கொட்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மானியக் கோரிக்கை (அந்தத் துறையின் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பது), ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: மருத்துவம் 19, காவல் 22, பள்ளிக்கல்வி 43. அந்த விவாத நாளில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைப்பார்கள். சென்ற ஆண்டு என்ன செய்தார்கள், எத்தனை பணியிடம், எவ்வளவு ஒதுக்கீடு என்று துறையே எழுதிய புத்தகம். ஒரு துறையைப் பற்றி எழுதப் போகிறவர் சென்ற ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் வைத்து, சென்ற ஆண்டு இருந்து இந்த ஆண்டு காணாமல்போன திட்டங்களைத் தேடினால் போதும். வேளாண்மைக்கு 2021 ஆகஸ்ட் முதல் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. அதைத் தனியாகப் பாருங்கள்.

எதிர்க்கட்சி இந்தக் கட்டத்தில் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரும். 'ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்' என்றால் கொள்கையே பிடிக்கவில்லை என்று பொருள். '100 ரூபாய் குறைக்க வேண்டும்' என்றால் குறிப்பிட்ட குறையைச் சொல்கிறார்கள். வெட்டு நிறைவேறினால் அரசு தோற்றதாக ஆகும் என்பதால் அது நிறைவேறாது. ஆனால் தீர்மானத்தின் வாசகம் எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டுப் பட்டியல்.

எல்லாக் கோரிக்கைகளும் முடிந்ததும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. அது இல்லாமல் கருவூலத்திலிருந்து பைசா எடுக்க முடியாது. கடன் வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவை ஓட்டுக்கு விடப்படுவதில்லை. பேசலாம், குறைக்க முடியாது. தேர்தல் ஆண்டில் இடைக்கால அறிக்கையோடு, சில மாதச் செலவுக்கான முன்பண மானியம் மட்டும் கேட்பார்கள். முழு அறிக்கையைப் புதிய அரசு வைக்கும்.

குழுக்கள், இரண்டே வார்த்தையில்

பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, உறுதிமொழிக் குழு, உரிமைக் குழு, மனுக்கள் குழு என்று பல உண்டு. முதலில் பிடிக்க வேண்டியது பொதுக் கணக்குக் குழு: தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையை வைத்துச் செலவைக் கேள்வி கேட்பது. அடுத்தது உறுதிமொழிக் குழு. அவையில் அமைச்சர் 'இந்த நிதியாண்டிலேயே முடிக்கப்படும்' என்று சொன்னால் அது உறுதிமொழி; குழு பின்தொடரும். 'நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் கையில் பிடிக்க எதுவும் இல்லை. பதில்களைப் படிக்கும்போது இந்த இரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள்.

படி 7: பெரும்பான்மைக் கணக்கு

ஒரே 'பெரும்பான்மை' இல்லை. சாதாரணத் தீர்மானத்துக்கு, வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்டும் வெளிநடப்புச் செய்தும் போன பிறகு 122 ஆதரவு, 11 எதிர்ப்பு. பேரவைத் தலைவரை நீக்க வேண்டும் என்றால் கணக்கு மாறும்: 14 நாள் முன்னறிவிப்பு, அப்போதுள்ள மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். அவை நிறைந்திருந்தால் 118. வராதவரும் இங்கே எதிர்ப்பு ஓட்டுப்போலத்தான். அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை அவையில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்பது 1994 எஸ்.ஆர். பொம்மை வழக்கோடு உறுதியானது.

அமைச்சர்களின் எண்ணிக்கை முதலமைச்சரையும் சேர்த்து அவையின் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தமிழ்நாட்டுக்கு 35. உறுப்பினர் அல்லாதவரும் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் ஜெயித்து வர வேண்டும்.

கட்சித் தாவல் தடை பத்தாவது அட்டவணையில், 1985இலிருந்து. கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ போடாமல் இருந்தாலோ பதவி போகலாம். மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற வழி 2003இல் அடைக்கப்பட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கோடு இணைப்பு மட்டும். தீர்ப்புச் சொல்பவர் பேரவைத் தலைவர். 2017 செப்டம்பர் 18 அன்று தமிழ்நாட்டில் 18 பேர் ஒரே நாளில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் எதிரெதிராகத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தார். ஆளும் கட்சியிலிருந்து வந்தவரே நடுவராக இருப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்ன பிறகும் ஓட்டை முழுதாக அடையவில்லை.

படி 8: உங்கள் பதிவேடு

ஒரு நோட்டு அல்லது எக்செல் போதும். மசோதா எண், துறை, பட்டியல், அறிமுக நாள், நிறைவேறிய நாள், ஆளுநருக்குப் போன நாள், திரும்பி வந்த நாள் (வந்தால்), ஒப்புதல் நாள், அரசிதழ் நாள், சட்ட எண், நடைமுறைக்கு வந்த நாள், விதிகள் அறிவிக்கப்பட்ட நாள் என்று கட்டங்கள் போடுங்கள். மசோதா எண்ணும் சட்ட எண்ணும் வேறு வேறு; இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடிக் கிடைக்காமல் அலைந்தவர்கள் ஏராளம். ஆளுநருக்குப் போன நாள் வெளியே எளிதில் கிடைக்காது. பேரவைக் கேள்விகளிலும் நீதிமன்ற மனுக்களிலும்தான் பெரும்பாலும் வரும். அந்தக் கட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

கடைசி இரண்டு கட்டங்கள்தான் மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும். ஒப்புதல் வந்த அன்று நோட்டை மூடிவிடாமல், ஒவ்வொரு மாதமும் அரசிதழை ஒரு முறை திறந்து அந்த இரண்டையும் பார்த்து நிரப்புங்கள்.